கட்டி போன பிறகும் கேட்கும் சத்தம்

ஒரு காதில் மட்டும் ஓயாத இரைச்சல். சிலருக்கு அது சில்வண்டு கத்துவதுபோல, சிலருக்குக் குக்கரில் ஆவி கசிவதுபோல, வேறு சிலருக்கு எங்கோ தொலைவில் மோட்டார் ஓடுவதுபோல. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கத்துச் செவிநரம்பில் சிறு கட்டி தெரிகிறது. இது புற்றுநோய் இல்லை, உடலில் வேறெங்கும் பரவாது என்று டாக்டர் சொல்லி முடித்ததும் பெரும்பாலும் எழும் கேள்வி ஒன்றுதான்: கட்டியை எடுத்துவிட்டால் இந்தச் சத்தம் நின்றுவிடுமா?

இந்தக் கேள்விக்குப் பல தலைமுறை மருத்துவர்கள் பல பதில்களைச் சொல்லியிருக்கிறார்கள். கட்டி போனால் சத்தமும் போகும் என்றார்கள் சிலர். நரம்பையும் சேர்த்து வெட்டினால்தான் போகும் என்றார்கள் சிலர். வெட்டினால் கூடத்தான் செய்யும், நரம்பைக் காப்பாற்றுவதே நல்லது என்பது இன்னொரு தரப்பு. சத்தம் மூளையில் இருக்கிறது, கட்டியை என்ன செய்தாலும் அதற்கு நேரடித் தொடர்பில்லை என்பது மற்றொன்று. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் உண்மையான நோயாளிகளும் உண்மையான கணக்கும் உண்டு. ஆனாலும் பதில்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

கட்டி எங்கே, சத்தம் எங்கே

உட்காதிலிருந்து மூளைத்தண்டுக்குச் செல்லும் எட்டாம் நரம்பு உண்மையில் ஒற்றை நரம்பு அன்று. ஒலியைக் கொண்டுபோகும் கேள்நரம்பு ஒன்று, உடலின் சமநிலையைக் காக்கும் நரம்புகள் இரண்டு. முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பையும் கூட்டிக்கொண்டு, சுமார் 1 சென்டிமீட்டர் நீளமே உள்ள எலும்புக் குழாய் ஒன்றின் வழியாக இவை நெருக்கியடித்துச் செல்கின்றன. கேள்நரம்பில் மட்டும் ஏறத்தாழ 30,000 இழைகள். நரம்பிழைகளைச் சுற்றி உறைபோல் அமைந்த ஷ்வான் அணுக்கள் பெருகுவதால் இந்தக் கட்டி உண்டாகிறது. அது தொடங்குவது பெரும்பாலும் சமநிலை நரம்பில்தான்; கேள்நரம்பில் அரிது.

நெடுங்காலம் இதை ‘அக்கூஸ்டிக் நியூரோமா’ என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரின் இரண்டு பாதிகளுமே தவறு: கட்டி பெரும்பாலும் கேள்நரம்பில் தொடங்குவதில்லை, நரம்பணுக்களால் ஆனதும் இல்லை. 1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய கருத்தொருமை மாநாடு ‘வெஸ்டிபுலர் ஷ்வானோமா’ என்ற பெயரைப் பரிந்துரைத்தது. இதை வெறும் பெயர்ச் சண்டையாகத் தள்ளிவிட முடியாது. சத்தம் கேட்பது கேள்நரம்பின் பாதையில். கட்டி வளர்வது பக்கத்து நரம்பில். அப்படியானால் கட்டி எந்த வழியாகச் சத்தத்தை உண்டாக்குகிறது? கேள்வியின் முதல் முடிச்சு இங்கேயே விழுந்துவிடுகிறது.

ஜெர்மனியின் ஹனோவர் நகரில் மத்தீஸ், சாமி என்ற இரு அறுவை மருத்துவர்கள் 1,000 கட்டிகளின் விவரத்தை 1997-இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய நோயாளிகளில் நூற்றுக்கு 95 பேருக்குச் செவிப்புலன் குறை இருந்தது, 63 பேருக்குக் காதிரைச்சல் இருந்தது. வேறு மருத்துவமனைகளின் கணக்குகளும் பொதுவாக 60 முதல் 80 சதவீதத்துக்குள் அமைகின்றன. கவனிக்க வேண்டியது வேறொன்று. கட்டியின் பருமனுக்கும் இரைச்சலின் கடுமைக்கும் நம்பத்தகுந்த பொருத்தம் கிடைக்கவில்லை. பட்டாணி அளவுக் கட்டியால் தூக்கம் கெட்டவர்களும் உண்டு, மூளைத்தண்டை அழுத்தும் பெரிய கட்டியோடு எந்தச் சத்தமும் கேட்காமல் வருகிறவர்களும் உண்டு. அழுத்தத்தால்தான் சத்தம் என்றால் இப்படி இருக்கக் கூடாது.

ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலே கட்டி என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படி ஸ்கேன் எடுத்துக்கொள்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கட்டி இருப்பதில்லை. தவறவிடக் கூடாது என்பதற்காகத்தான் பார்க்கிறார்கள்.

உயிர் மட்டுமே கணக்கில் இருந்த காலம்

நெதர்லாந்தின் லைடன் நகரில் சாண்டிஃபோர்ட் என்ற உடற்கூறியலாளர் 1777-இல், இறந்தவர் ஒருவரின் உடலில் இந்தக் கட்டியைக் கண்டு விவரித்தார். அறுத்து எடுக்கும் முயற்சிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தொடங்கின. தொடக்கத்தில் மேசையிலேயோ அடுத்த சில நாட்களிலோ இறந்தவர்களே அதிகம். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1917-இல் வெளியிட்ட நூல் இந்தக் கட்டியின் அறிகுறிகளை வரிசைப்படுத்தியது. காதில் தொடங்கும் தொல்லைகள் எப்படிப் படிப்படியாக முகம், சிறுமூளை, பார்வை என்று பரவுகின்றன என்பதை அவர் நுணுக்கமாகப் பதிவு செய்தார். கட்டியின் உள்ளே குடைந்து பகுதியளவே எடுக்கும் முறையால் இறப்பை வெகுவாகக் குறைத்தார். அவருக்குப் பின் வால்டர் டாண்டி முழுக் கட்டியையும் எடுக்கத் துணிந்தார். 1960-களில் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் அறுவை நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார். உட்காதின் எலும்பைக் குடைந்து போகும் வழியையும், செவிப்புலனைக் காக்கும் நோக்கில் மண்டையோட்டின் நடுக்குழி வழியாகப் போகும் வழியையும் அவர் செம்மைப்படுத்தினார்.

இந்த வரலாற்றில் வெற்றியின் அளவுகோல் காலத்துக்குக் காலம் மாறியது. முதலில் உயிர், பிறகு கட்டியை முழுதாக எடுத்தல், பிறகு முகநரம்பு, அதன் பிறகு செவிப்புலன். காதிரைச்சலின் முறை கடைசியில்தான் வந்தது. அதற்காகப் பழைய மருத்துவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. உயிரே ஊசலாடும்போது இரைச்சலைக் கேட்டறிய யாருக்கும் நேரமில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தின் விளைவு இன்றும் தொடர்கிறது: கட்டியைப் பற்றிய தரவு மிகுதி, சத்தத்தைப் பற்றிய தரவு சொற்பம். இந்தியாவில் கட்டி பெரிதான பிறகே மருத்துவமனைக்கு வருவது இன்னும் சகஜம் என்பதால், இங்கே அந்த ஏற்றத்தாழ்வு கூடுதலாகவே இருக்கும் என்று கருத இடமுண்டு.

நரம்பில்தான் கோளாறு என்ற தரப்பு

முதல் விளக்கங்கள் இயல்பாகவே கட்டி இருக்கும் இடத்தைச் சுட்டின. அவற்றுள் நான்கு முக்கியமானவை.

நசுங்கிய நரம்பில் இழைகளின் உறை தேய்கிறது, அதனால் பக்கத்துப் பக்கத்து இழைகளுக்குள் மின்கசிவு உண்டாகி எல்லாம் ஒரே நேரத்தில் துடிக்கின்றன, அந்த ஒத்திசைவை மூளை ஒலி என்று எடுத்துக்கொள்கிறது என்பது ஒன்று. 1980-களில் ஆய்வாளர் மோலர் முன்வைத்த இந்தக் கருத்து இன்றும் மதிப்போடு பேசப்படுகிறது. அமைதியான அறையிலும் கேள்நரம்பின் இழைகள் தாமாகத் துடித்துக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன் போக்கில் துடிப்பதால் மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை. எல்லாம் சேர்ந்து துடித்தால்தான் அது செய்தி. விளக்கம் அழகானது. மனித நரம்பில் இதை நேரடியாக நிறுவுவதுதான் கடினமாக இருந்துவருகிறது.

இரண்டாவது, அதே எலும்புக் குழாய் வழியாகச் செல்லும் மெல்லிய இரத்தக்குழாயைக் கட்டி நெருக்குவதால் உட்காதின் மயிரணுக்கள் பட்டினி கிடக்கின்றன என்பது. மூன்றாவது, கட்டி உள்ள பக்கத்து உட்காதுத் திரவத்தில் புரதம் கூடியிருப்பதைக் காட்டி, கட்டி சுரக்கும் பொருள்களே உட்காதைக் கெடுக்கின்றன என்பது. சிறிய கட்டியிலும் செவி கெடுவதற்கு இது ஓரளவு விடை தருகிறது.

நான்காவது நுட்பமானது. மூளையிலிருந்து காதை நோக்கி வரும் கட்டுப்பாட்டு இழைகள் சிறிது தூரம் சமநிலை நரம்போடு ஒட்டிப் பயணம் செய்கின்றன. கட்டி அவற்றைச் சிதைத்தால் காதின் மீதான கடிவாளம் தளர்ந்து சத்தம் பிறக்கலாம். அப்படியானால் வேறு நோய்களுக்காகச் சமநிலை நரம்பை வெட்டிக்கொண்டவர்களுக்கெல்லாம் இரைச்சல் கூடியிருக்க வேண்டும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பேக்லியும் உடனாளர்களும் 2002-இல் அத்தகைய 18 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு இரைச்சல் கூடவில்லை. மாறாமல் இருந்தது அல்லது குறைந்தது. கடிவாளக் கருத்து இதனால் வலுவிழந்தது.

நான்கு விளக்கங்களுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. கோளாறு நரம்பிலோ உட்காதிலோ இருந்தால், உட்காதையே குடைந்தெடுத்து, நரம்பையும் வெட்டிய பிறகு அந்தக் காதில் சத்தமே கேட்கக் கூடாது.

வெட்டிய நரம்பும் தொடரும் இரைச்சலும்

இந்தச் சோதனையைத் திட்டமிடாமலே மருத்துவ வரலாறு நடத்தி முடித்திருக்கிறது. டாண்டி பால்டிமோரில் மெனியேர் நோயின் தலைசுற்றலை நிறுத்துவதற்காக எட்டாம் நரம்பை நூற்றுக்கணக்கானவர்களுக்கு வெட்டினார். தலைசுற்றல் நின்றது. இரைச்சல் சிலருக்கு நின்றது, பலருக்கு நிற்கவில்லை. கட்டி நோயாளிகளைப் பற்றி 1981-இல் ஹவுஸும் பிராக்மனும் கூறிய கணக்கு இன்னும் மேற்கோள் காட்டப்படுகிறது. உட்காது வழியாக அறுவை செய்துகொண்ட 500 பேரில் சுமார் 40 சதவீதத்தினர் இரைச்சல் குறைந்ததாகச் சொன்னார்கள், ஏறத்தாழ பாதிப்பேர் கூடியதாகச் சொன்னார்கள். அந்தக் காதில் கேட்கும் திறன் துளியும் மிஞ்சியிருக்கவில்லை. சத்தம் மட்டும் மிஞ்சியிருந்தது.

இங்கிருந்துதான் மூளையை மையமாகக் கொண்ட தரப்பு பலம் பெற்றது. காலை இழந்தவருக்கு இல்லாத காலில் வலிப்பதுபோல, காதை இழந்தவருக்கு இல்லாத காதில் ஒலிக்கிறது என்ற ஒப்புமை எல்லோருக்கும் எளிதில் புரிந்தது. 1990-இல் ஆய்வாளர் யஸ்ட்ரெபோஃப் இதை ‘மாயச் செவிப்புலன்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்தார். நரம்பிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளைத்தண்டும் அதற்கு மேலுள்ள நிலையங்களும் தங்கள் ஒலிபெருக்கத்தைக் கூட்டிக்கொள்கின்றன. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைத் திருகினால் இரைச்சல்தானே பெரிதாகும், அதுபோல.

இதற்குத் துணையாக இரண்டு எளிய சோதனைகளைச் சொல்லலாம். 1953-இல் ஹெல்லரும் பெர்க்மனும் செவி நலமாயிருந்த 80 பேரை ஒலிபுகா அறையில் சில நிமிடங்கள் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 சதவீதத்தினர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாக எழுதினார்கள். 2012-இல் இங்கிலாந்தில் ஷேட்டே குழுவினர் 18 பேருக்கு ஒரு காதை மட்டும் ஒரு வாரம் அடைத்து வைத்தார்கள். 14 பேருக்கு இல்லாத சத்தம் கேட்கத் தொடங்கியது. அடைப்பை எடுத்ததும் அது மறைந்தது. கட்டியில்லை, நரம்புச் சேதமில்லை; ஒரு பக்கம் ஒலிவரவு குறைந்ததே போதுமானதாக இருந்தது. அறுவைக்கு முன் இரைச்சலே இல்லாத சிலருக்கு அறுவைக்குப் பின் புதிதாக ஏன் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது என்றே தோன்றுகிறது.

ஆயினும் இந்தத் தரப்பும் எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. ஒரு பக்கச் செவி அறவே போனவர்கள் எல்லோருக்கும் சத்தம் கேட்க வேண்டுமே, ஏன் சிலருக்குக் கேட்பதில்லை? அறுவை முடிந்து மயக்கம் தெளிந்தபோதே சத்தம் நின்றிருந்த நோயாளிகளை என்ன சொல்வது? ஜப்பானிய மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பே இரைச்சல் இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது அறவே நின்றிருந்தது. மூன்றில் ஒருவருக்குக் குறைந்திருந்தது. கிட்டத்தட்ட அதே அளவினருக்கு மாற்றமில்லை, பத்தில் ஒருவருக்குத்தான் கூடியிருந்தது. எல்லாம் மூளைதான் என்றால் நான்கில் ஒருவருக்கு ஏன் நிற்க வேண்டும்? இரைச்சல் நரம்பில் தொடங்குகிறது, காலப்போக்கில் மூளை அதைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது, ஆளுக்கு ஆள் அந்தக் கைமாற்றம் வெவ்வேறு கட்டத்தில் இருக்கிறது என்ற சமரச விளக்கமே இன்று பலருக்கும் ஏற்புடையது. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட நோயாளியிடம் அந்தக் கைமாற்றம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அறுவைக்கு முன் கண்டறியும் சோதனை நடைமுறையில் இல்லை. அது வராதவரை இந்த விளக்கம் நோயாளியின் கேள்விக்குப் பதிலாகாது.

கண்ணைத் திருப்பினால் மாறும் சத்தம்

இந்த நோயாளிகளில் சிலரிடம் காணப்படும் விந்தையான குறி ஒன்று, மூளைத் தரப்பின் மிக வலுவான சாட்சி. கட்டி எடுத்து வாரங்களோ மாதங்களோ சென்ற பின், தலையை ஆட்டாமல் கண்களை மட்டும் ஓரத்துக்குத் திருப்பினால் இரைச்சல் உரக்கிறது, அல்லது அதன் சுருதி மாறுகிறது. பார்வையை நேரே கொண்டுவந்தால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. வண்டி ஓட்டுகிறவர் பக்கக் கண்ணாடியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் காதுக்குள் ஒரு கீச்சொலி எழுந்து அடங்குவதாக எண்ணிப் பார்த்தால் இதன் தொல்லை விளங்கும். இன்னும் அரிதாக, கையையோ விரல்நுனியையோ தடவினால் சத்தம் எழுகிறவர்களையும் அமெரிக்க ஆய்வாளர் ககாசேயும் உடனாளர்களும் 1999-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் என்ன உறவு? ஒலிச்செய்தி வராமல் வெறிச்சோடிய மூளைத்தண்டு நிலையத்துக்குள், பக்கத்திலிருக்கும் கண்ணசைவு நரம்புகளும் தொடுவுணர்வு நரம்புகளும் புது இணைப்பு ஏற்படுத்திக்கொள்கின்றன என்பது ஒரு விளக்கம். 2001-இல் லாக்வுட் குழுவினர் பெட் ஸ்கேன் வழியாக வேறொன்று கண்டார்கள். ஓரமாகப் பார்க்கும்போது செவிப்புலனுக்குரிய மூளைப் பகுதி இயல்பாக அடங்குகிறது. இந்த நோயாளிகளிடம் அந்த அடக்கம் நிகழ்வதில்லை. எது காரணம், எது விளைவு என்பது முடிவாகவில்லை. எப்படியானாலும், வெட்டிய நரம்பிலிருந்து இது வந்திருக்க முடியாது. அறுவைக்குப் பின் மூளை தன் இணைப்புகளை மாற்றிக்கொள்கிறது என்பதற்கு நோயாளி தானே செய்து காட்டக்கூடிய சான்று இது. அறுவைக்கு முன்னான ஆலோசனையில் இதையும் ஒரு வாக்கியமாவது சொல்லிவைப்பது நல்லது. முன்பே கேள்விப்பட்டிராதவர், தனக்கு மனக்கோளாறோ என்று பயந்துவிட வாய்ப்புண்டு.

வெட்டுவதா, விட்டுவைப்பதா

அறுவை மருத்துவருக்கு இது கோட்பாட்டுக் கேள்வியாக மட்டும் இருக்க முடியாது. உட்காது வழியே போனால் செவிப்புலன் போய்விடும். கேள்நரம்பை வெட்டுவதும் எளிது. காதின் பின்புறமாகவோ நடுக்குழி வழியாகவோ போனால் நரம்பைக் காக்க முயலலாம். நரம்பு வடிவில் முழுதாக இருந்தும் செயலிழந்து போகும் நிலை அடிக்கடி நேர்கிறது. அப்படிப்பட்ட நரம்பு தொடர்ந்து தாறுமாறாகத் துடித்து இரைச்சலை ஊட்டிக்கொண்டிருக்கும், அதை வெட்டிவிடுவதே மேல் என்பது ஒரு கட்சி. வெட்டினால் மூளைக்குப் போகும் கடைசிச் செய்தியும் நின்று மாயச் சத்தம் பெருகும் என்பது எதிர்க்கட்சி.

இரு பக்கத்துக்கும் ஆதரவான ஆய்வுகள் உண்டு. ஆனால் யாருடைய நரம்பை வெட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி யாரும் முடிவு செய்யவில்லை. பெரிய கட்டி, ஏற்கெனவே போய்விட்ட செவி என்றால் வெட்டுகிறார்கள். சிறிய கட்டி, நல்ல செவி என்றால் காக்கிறார்கள். ஆகவே ஒப்பிடப்படும் இரு கூட்டங்களும் தொடக்கத்திலேயே வேறுபட்டவை. இதை மனத்தில் வைத்தால், எந்தப் பக்கத்து முடிவையும் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கத் தோன்றுகிறது.

கதிர்வீச்சைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஸ்டாக்ஹோமில் லெக்செல் 1969-இல் காமா நைஃப் கருவியால் இந்தக் கட்டிக்குச் சிகிச்சை தொடங்கினார். கட்டியின் வளர்ச்சியை அது பெரும்பாலும் நிறுத்துகிறது. இரைச்சலைப் பெரும்பாலும் இருந்தபடியே விட்டுவிடுகிறது. நார்வேயில் நடந்து 2023-இல் வெளியான சோதனை, உடனே கதிர்வீச்சு கொடுத்த 50 பேரையும் காத்திருந்து கண்காணித்த 50 பேரையும் குலுக்கல் முறையில் பிரித்து 4 ஆண்டுகள் பார்த்தது. கட்டியின் பருமனில் தெளிவான வேறுபாடு தெரிந்தது. அறிகுறிகளிலும் வாழ்க்கைத் தரத்திலும் ஏறக்குறைய வேறுபாடே இல்லை.

எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

ஓர் ஆய்வில் பாதிப்பேருக்குக் கூடியது, இன்னொன்றில் பத்தில் ஒருவருக்குத்தான் கூடியது. இவ்வளவு இடைவெளி நோயிலிருந்து மட்டும் வருமா என்ற ஐயம் நியாயமானது. கேட்கும் விதத்திலும் சிக்கல் இருக்கிறது.

பழைய ஆய்வுகள் பலவும் அறுவை முடிந்து ஆண்டுகள் கழித்துத் தபாலில் அனுப்பிய வினாத்தாள்களை நம்பியவை. முன்பு எப்படி இருந்தது என்று நினைவுகூரச் சொன்னார்கள். அன்று பகல் முழுதும் ஓரளவு கேட்ட காதில் இருந்த சத்தம் வேறு. இன்று வெளியொலி எதுவும் நுழையாத காதில், மறைக்க ஏதுமின்றி ஒலிக்கும் அதே சத்தம் வேறு. பின்னது பெரிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ‘இருக்கிறதா இல்லையா’, ‘எவ்வளவு உரக்க’, ‘எவ்வளவு தொல்லை’ என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். சத்தம் அதே உரப்பில் இருந்தும், கட்டி போய்விட்டது என்ற நிம்மதியால் தொல்லை குறைந்தவர் ஒருவகை. சத்தம் கொஞ்சமே கூடியும், சமநிலைக் குலைவும் முகச்சோர்வும் சேர்ந்து தாங்க முடியாமல் போனவர் இன்னொரு வகை. ‘கூடியதா, குறைந்ததா’ என்ற ஒற்றைக் கேள்வி இந்த இருவரையும் இடம் மாற்றி எண்ணிவிடும்.

1996-இல் வந்த காதிரைச்சல் பாதிப்பு வினாத்தாளும் 2012-இல் வந்த இன்னொரு வினாத்தாளும் இந்தக் குறையை ஓரளவு தீர்த்தன. அவற்றை அறுவைக்கு முன்னும் பின்னும் நிரப்பச் சொல்லும் ஆய்வுகளில் சராசரி மாற்றம் பெரும்பாலும் சிறிதாகவே தெரிகிறது. ஆனால் சராசரி, நன்றாகக் குறைந்தவரையும் மோசமாகக் கூடியவரையும் கூட்டிக் கழித்து இருவரையும் மறைத்துவிடும். இந்தக் கட்டிக்கென்றே 2010-இல் உருவாக்கப்பட்டுப் பல நாடுகளில் பயன்படும் வாழ்க்கைத் தர வினாத்தாளில் செவி, சமநிலை, முகம், வலி, சோர்வு, கவலை எல்லாவற்றுக்கும் தனிப் பகுதி உண்டு, காதிரைச்சலுக்கு இல்லை. நோயாளிகளில் பாதிக்கும் மேலானவர்கள் சொல்லும் ஒரு தொல்லைக்கு அங்கே தனி இடம் கிடைக்காமல் போனது வருத்தத்துக்குரியது.

இன்னும் திறந்திருப்பவை

இரைச்சலை நிறுத்துவதை மட்டும் நோக்கமாகக் கொண்டு கட்டியை எடுக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று இப்போதைக்குச் சொல்லலாம். அறுவை செய்தால் இரைச்சல் கட்டாயம் கூடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. முன்பு சத்தமே இல்லாதவருக்கு அது புதிதாக வரக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வந்தால், அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை சத்தத்தைக் குறைக்காவிட்டாலும் அதன் தொல்லையைக் குறைக்கும் என்பதற்கு, பொதுவான காதிரைச்சல் நோயாளிகளிடம் நல்ல சான்று இருக்கிறது. கட்டி நோயாளிகளிடம் மட்டும் தனியாகச் செய்து பார்த்தவை குறைவு.

இவை எல்லாவற்றையும்விட ஆர்வம் தருவது, மூளைக்கு இழந்த ஒலியைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. 2008-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில், ஒரு காது செவிடாகி அதே காதில் கடும் இரைச்சலால் அவதிப்பட்டவர்களுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் (உட்காதில் வைத்துக் கேள்நரம்பைத் தூண்டும் கருவி) வைத்ததில், கருவி ஓடும்போது பெரும்பாலோருக்கு இரைச்சல் வெகுவாகத் தணிந்தது. இரு பக்கமும் கட்டி வரும் பரம்பரை நோயில் நரம்பே இல்லாதவர்களுக்காக, ஹவுஸும் ஹிட்செல்பெர்கரும் 1979-இல் தொடங்கிவைத்த மூளைத்தண்டு இம்ப்ளாண்டிலும் இத்தகைய தணிவு பதிவாகியிருக்கிறது. ஒலிவரவு குறைந்ததால்தான் சத்தம் என்ற கருத்துக்கு இவை நல்ல துணை.

அதனால் அறுவை அறையில் பழைய கேள்வி புது உருவம் எடுக்கிறது. செவிப்புலன் போய்விட்டாலும் நரம்பின் இழைகள் அறுபடாமல் மிஞ்சினால், அதே அமர்வில் இம்ப்ளாண்ட் வைத்துவிடலாம். வெட்டி எறிந்தால் அந்த வாய்ப்பு என்றைக்கும் இல்லை. சில மையங்கள் இப்படிச் செய்யத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கை சிறிது, கண்காணித்த காலமும் குறைவு. மிஞ்சிய நரம்பு சில ஆண்டுகளில் நலிந்தால் இம்ப்ளாண்டின் பயன் நீடிக்குமா, விட்டுவைத்த நரம்பின் ஓரத்தில் கட்டி மறுபடி துளிர்த்தால் உலோகக் கருவியின் நிழலுக்கு நடுவே ஸ்கேனில் அதைக் காண முடியுமா என்பவற்றுக்கு இனிவரும் பத்தாண்டுக் கணக்குகள்தான் விடை சொல்ல வேண்டும். அந்தக் கணக்குகளைத் தொடங்கும்போதே, கட்டியின் மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இரைச்சலின் தொல்லைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கி, அறுவைக்கு முன்பே அதை நிரப்பி வைத்தால் அடுத்து எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு தடுமாற்றம் இருக்காது.